பம்பாய்ப் புகை – 11: செம்பூரின் வானமும் கொலாபாவின் கணக்கும்

சென்ற இதழை 1925-இல் நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்ரயில் ஓடியது. அதற்குப் பத்தாண்டு முன்பே கோபோலியிலிருந்து டாட்டாவின் நீர்மின்சாரம் நகருக்குள் வந்து, மில்களின் கொதிகலன்கள் ஒவ்வொன்றாக ஆறத் தொடங்கியிருந்தன. பம்பாய் நிலக்கரியைக் கைவிட்டது புண்ணியத்துக்காக அல்ல. வங்காளத்துச் சுரங்கம் வெகு தொலைவு. வேல்ஸிலிருந்தும் நேட்டாலிலிருந்தும் கப்பலில் வந்த கரிக்கோ விலை அதிகம். சகியாத்ரியில் பெய்யும் மழை மலிவு. யாருக்கு மலிவு என்பதை முல்ஷி விவசாயிகளைப் பற்றிய பகுதியில் பார்த்துவிட்டோம்.

இந்த நிலை முப்பது ஆண்டுதான் நீடித்தது.

1951-இல் ஈரான் தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது. ஆங்கிலேயர்கள் வெளியேற, அபாதானின் மாபெரும் சுத்திகரிப்பு ஆலை முடங்கியது. இந்தியாவுக்குப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வந்துகொண்டிருந்த வழிகளில் அது முக்கியமானது. இனிக் கச்சா எண்ணெயைக் கொண்டுவந்து இங்கேயே வடித்துக்கொள்வது என்று டில்லி முடிவெடுத்தது. மூன்று வெளிநாட்டுக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் ஆயிற்று. ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் போனது. மற்ற இரண்டும் டிராம்பேக்கு வந்தன. உப்பளமும் சதுப்பும் கோலி மீனவர்களின் மாஹுல் கிராமமும் இருந்த கரை அது. ஸ்டான்வாக் ஆலை 1954-இல் ஓடத் தொடங்கியது, பர்மா ஷெல் ஆலை 1955-இல். 1956-இல் டாட்டாவின் அனல் மின்நிலையம் 62.5 மெகாவாட் திறனுள்ள முதல் யூனிட்டோடு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே டிராம்பேயில், ஆசியாவின் முதல் அணு உலையான அப்ஸராவும் இயங்கத் தொடங்கியது. 1965-இல் உரத் தொழிற்சாலை. மலைத் தண்ணீரால் விளக்கேற்றிக்கொண்டிருந்த நகரம் பத்தே ஆண்டில் மறுபடி நெருப்புக்குத் திரும்பிவிட்டது. இந்த முறை நெருப்பு நகரின் நடுவில், பரேலில் இல்லை. கிழக்கு ஓரத்தில், செம்பூரை ஒட்டி.

செம்பூர் நம்மவர்களுக்குப் புதிய ஊர் அல்ல. மாதுங்காவில் இடம் போதாமல் போன குடும்பங்கள் சயான் தாண்டி வந்து குடியேறிய ஊர். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் ‘ஹையர்’ பாஸ் செய்துவிட்டு பம்பாய் ரயிலேறிய தலைமுறைக்கு இந்தப் புதிய கம்பெனிகள் பெரிய வரப்பிரசாதம். ரிஃபைனரியில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். அந்த மாப்பிள்ளைகள் குடியிருந்த தெருக்களிலேயே ராத்திரியில் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது. அழுகிய முட்டை நாற்றம் ஒரு நாள், அமோனியா நெடி இன்னொரு நாள், உரத் தொழிற்சாலைப் பக்கம் செம்மஞ்சள் புகை வேறொரு நாள். கொடியில் உலர்த்திய வேட்டியை உதறினால் கரித்துகள் உதிரும். 1970-களுக்குள் செம்பூருக்கு ‘கேஸ் சேம்பர்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. செம்பூரின் மாசு வரலாறு என்றால் எல்லோரும் எழுதுவது இதைத்தான்: கந்தகம், அமோனியா, நைட்ரஜன் ஆக்ஸைடு, இருமல். எழுதவும் வேண்டும். ஆனால் அந்தப் புகைபோக்கிகளிலிருந்து எடையில் மிக அதிகமாக வெளியேறிய பொருளுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. கரியமில வாயுவைப் பற்றி மனுப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வழியும் இல்லை.

எவ்வளவு வெளியேறுகிறது என்பதற்கு ரிஃபைனரி வரை போக வேண்டாம். மாதுங்காச் சமையலறையே போதும். அங்கே முதலில் இருந்தது குமுட்டி அடுப்பும் அடுப்புக்கரியும். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்: பம்ப் அடித்து, பின் குத்தி, ‘கிருஷ்ணாயில்’ வாடையோடு எரிவது. 1950-களின் நடுவில் பர்மா ஷெல் ‘பர்ஷேன்’ என்ற பெயரில் கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்தது. பாத்திரத்தின் அடி கரிபிடிக்கவில்லை; மாமிகளுக்கு அது விடுதலை. இன்று வீட்டுக்கு வரும் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ எரிவாயு. அதில் ஏறக்குறைய 11.7 கிலோ வெறும் கார்பன். எரியும்போது 12 பங்கு கார்பன் 32 பங்கு ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்து இழுத்துக்கொண்டு 44 பங்கு கரியமில வாயுவாகிறது. அப்படியானால் காலி சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆள் படியிறங்கும்போது, அந்தச் சமையலறை ஜன்னல் வழியே சுமார் 43 கிலோ கரியமில வாயு போய்விட்டிருக்கும். உள்ளே வந்ததைப்போல் மூன்று மடங்கு. நீலச் சுடர், துளிப் புகை இல்லை. மின்சாரத்திலும் கணக்கு இப்படித்தான்: நிலக்கரியில் தயாரானால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ.

இவ்வளவு வாயு போகிறதே, அது வானத்தில் தங்குகிறதா என்பதுதான் அந்தக் காலத்து விஞ்ஞானிகளின் சண்டை. 1896-இலேயே ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்று கணக்குப் போட்டிருந்தார். 1938-இல் இங்கிலாந்தில் கை காலண்டர் என்ற நீராவி எஞ்சினியர், வானத்தில் அது ஏற்கெனவே கூடிவிட்டது என்றார். கடல் இருக்கிறதே, எல்லாவற்றையும் குடித்துவிடும் என்று பெரியவர்கள் புன்னகைத்தார்கள். கூடியிருந்தாலும் அது நிலக்கரியால்தான் கூடியது என்று எப்படிச் சொல்வது? எரிமலை கக்கியிருக்கலாம், காடு எரிந்திருக்கலாம். கரியமில வாயுவின் மூலக்கூறில் முகவரி எழுதியிருக்கிறதா என்ன?

எழுதியிருக்கிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் நைட்ரஜனைத் தாக்கி, கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. அது கரியமில வாயுவாகி, இலைக்குள் போய், அரிசியாகி, நம் எலும்பிலும் இருக்கிறது. உயிர் போனதும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டில் பாதியாகக் குறையும், அடுத்த 5,730-இல் அதிலும் பாதி. ஐம்பதாயிரம் ஆண்டு போனால் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தாமோதர் பள்ளத்தாக்கின் நிலக்கரிக்கு வயது இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல். வளைகுடாக் கச்சா எண்ணெய்க்கும் கோடிக் கணக்கில் வயது. இரண்டிலும் கார்பன்-14 அறவே கிடையாது. ஆகவே அடுப்புக்கரியின் புகையிலும் விறகின் புகையிலும் கார்பன்-14 இருக்கும். மண்ணெண்ணெய், சிலிண்டர், அனல்மின் புகையில் இருக்காது. பழைய கார்பனை வானத்தில் கலந்தால், பாலில் தண்ணீர் விட்டதுபோல, செறிவு குறையும். லாக்டோமீட்டர் போட்டால் தெரிந்துவிடும்.

அந்த லாக்டோமீட்டரைப் போட்டவர் ஹான்ஸ் ஸூஸ், ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போன வேதியியலாளர். புதிய மரத்தில் கார்பன்-14 செறிவு 19-ஆம் நூற்றாண்டு மரத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று 1955-இல் அவர் எழுதினார். பர்மா ஷெல் ஆலை மாஹுலில் உலை மூட்டிய அதே ஆண்டு. 1957-இல் அவரும் ரோஜர் ரெவெலும் சேர்ந்து, வாயுவைக் கடல் எவ்வளவு, எத்தனை வேகத்தில் குடிக்கும் என்று ஆராய்ந்தார்கள். 1958 மார்ச்சில் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் முதல் அளவு எடுத்தார்: பத்து லட்சம் பங்கு காற்றில் 313 பங்கு. டிராம்பேயின் புகைபோக்கிகளும் அந்தப் புகையைக் கணக்கெடுக்கும் விஞ்ஞானமும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாமலே வளர்ந்தன.

முற்றிலும் அறிமுகம் இல்லாமல் என்று சொல்லிவிட முடியாது. பம்பாயின் தென்கோடியில், கொலாபாவில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. ஹோமி பாபா 1945-இல் டொராப்ஜி டாட்டா அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியது. டிராம்பேயில் புகைபோக்கி கட்டிய வீட்டின் பெயரே கொலாபாவின் வாசலிலும் இருக்கிறது என்பதை இந்தத் தொடரை எழுதுகிறவன் ரசிக்காமல் இருக்க முடியாது. அங்கே காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த தேவேந்திர லாலின் குழு 1960-களின் தொடக்கத்தில் கார்பன்-14 ஆய்வகம் ஒன்றை நிறுவியது. டி. பி. அகர்வால், ஷீலா குசும்கர் ஆகியோர் அதன் முக்கியமான கைகள். ஹரப்பா நாகரிகத்தின் காலத்தைக் கறாராக வரையறுத்து அகர்வால் 1964-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது இந்த ஆய்வகத்தின் எண்ணிக்கையை வைத்துத்தான்.

நமக்கு நெருக்கமான ஒரு மாதிரியும் அங்கே வந்தது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறையும், சேற்றில் நட்டபடியே நின்ற மரக் கம்பங்களும் கிடைத்தன. அந்த மரத்தில் ஒரு துண்டு பம்பாய்க்கு வந்தது.

இப்படி வரும் மரத்தை என்ன செய்வார்கள்? வேரும் மண்ணும் போக, அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றிக் கழுவுவார்கள். பிறகு எரித்துக் கரியமில வாயுவாக்கி, ஹைட்ரஜன் சேர்த்து மீத்தேனாக மாற்றி ஒரு குழாயில் அடைப்பார்கள். குழாயைச் சுற்றி வெளிக் கதிர்களைத் தடுக்கக் கனமான உலோகச் சுவர். அதற்குள் வந்துவிடும் காஸ்மிக் கதிர்களை அடையாளம் கண்டு தள்ளுபடி செய்ய, காவலுக்கு நிற்கும் இன்னொரு குழாய் வளையம். அப்புறம் எண்ண வேண்டியதுதான், மணிக்கணக்கில். இன்று வெட்டிய மரமானால் ஒரு கிராம் கார்பனில் நிமிடத்துக்குப் பதினான்குக்குச் சற்றுக் குறைவாகச் சிதைவுகள் நிகழும். கீழையூர்க் கம்பத்தின் வயதுக்கு அது பத்தையொட்டி இருக்கும். பொ.ஆ.மு. நான்காம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டிய காலம் என்று விடை வந்தது. பழைய நிலக்கரியை வைத்தால் பூஜ்யம். அதனால்தான் உலகின் பல ஆய்வகங்களில், கருவி தானாக எழுப்பும் வெற்று எண்ணிக்கையை அறிய நிலக்கரியையே வைத்துப் பார்ப்பார்கள்.

இந்தக் கணக்கில் டிராம்பே எங்கே வருகிறது? ‘இன்றைய மரம்’ என்ற அளவுகோலில். பழைய மரத்தின் எண்ணிக்கையை ஒப்பிட, பழுதில்லாத புது மரம் ஒன்று வேண்டும். அப்படி ஒரு மரம் இருபதாம் நூற்றாண்டில் வளரவே இல்லை. எல்லா மரமும் நிலக்கரிப் புகை கலந்த காற்றைக் குடித்தே வளர்ந்தது. அதனால் உலக ஆய்வகங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. 1955-இல் விளைந்த பீட்ரூட் சர்க்கரையிலிருந்து எடுத்த ஆக்ஸாலிக் அமிலத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வது. அதன் செறிவில் 95 சதவீதத்தை ‘இன்று’ என்று வைத்துக்கொள்வது. காரணம், அந்த 95 சதவீதம் 1890-இல் வளர்ந்த மரத்துக்கு இணை, அதாவது நிலக்கரி வானத்தைப் பெரிதாகக் கெடுக்கும் முன். கொலாபாவும் அதே அளவுகோலைத்தான் கையாண்டது. கீழையூர் மரத்தின் வயதைச் சொன்ன கணக்குக்குள்ளேயே, நூறாண்டுப் புகை வானத்தை மாற்றிவிட்டது என்ற ஒப்புதலும் இருந்தது. தொல்லியல் அறிக்கையை வாசித்தவர்கள் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

நடுவில் ஒரு குழப்பம். வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகள் கார்பன்-14-ஐ அள்ளிக் கொட்டின. 1963 வாக்கில் வட அரைக்கோளத்தின் வானத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. பின்னாளில் தாணேயில் வளர்ந்த ஒரு தேக்கின் வளையங்களை ஆமதாபாத் விஞ்ஞானிகள் ஆண்டு ஆண்டாகப் பிரித்து அளந்தபோது இந்த ஏற்றம் அதில் பதிவாகியிருந்தது. குண்டுச் சோதனை நின்றபின் கடலும் காடும் அந்த உபரியை மெல்ல உறிஞ்சின. பழைய கார்பன் கலந்து மிச்சத்தையும் நீர்த்துப்போக வைத்தது. இப்போது உபரி முழுக்கத் தீர்ந்து, செறிவு கீழ்நோக்கிப் போகிறது.

கார்பன்-14 எண்ணிக்கை சங்கடமான இன்னொரு விஷயத்தையும் சொல்லும். தாராவியின் கும்பார்வாடாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளைகள் பஞ்சுக் கழிவையும் மரத்தூளையும் தின்று கருகருவென்று புகை விடும். பக்கத்தில் நம் திருநெல்வேலிக்காரர்களின் தோல் ஷாப்புகள் இருந்த காலத்தில் வாடை வேறு. நகரத்தின் புகார்கள் முதலில் விழும் இடம் அதுதான். ஆனால் பஞ்சும் மரத்தூளும் சமீபத்தில் வானத்திலிருந்து செடி எடுத்த கார்பன். மறுபடி செடி வளர்ந்தால் திரும்பப் போய்விடும். மாடிக் குடியிருப்பின் நீலச் சுடரில் எரிவது கோடி ஆண்டுக் கார்பன். அது வானத்தின் மொத்த இருப்பில் புதிய வரவு. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது ஒன்று, வானத்தில் சேர்ந்துகொண்டே போவது இன்னொன்று.

இதைச் சொல்லிவிட்டு குயவர் சூளைக்கு நற்சான்று கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் புகை அங்கேயே படுத்துறங்கும் குழந்தைகளின் நெஞ்சுக்குள் போகிறது. இப்போது சூளைக்கு வரும் கழிவுத்துணியில் செயற்கை நூலும், அதாவது பெட்ரோலியமும் கலந்திருக்கிறது. கரித்துகளே வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும் என்று வலியுறுத்தியவர்களில் முதன்மையானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்த வீரபத்ரன் ராமநாதன். தெற்காசியாவின் மேல் பனிக்காலத்தில் கவியும் பழுப்பு மேகம் யாருடைய புகை என்ற கேள்வி எழுந்தபோது அதற்கும் கார்பன்-14-ஐத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். மாலத்தீவின் ஹனிமாதூவிலும் புணேக்கு அருகே சிங்ககட் மலையிலும் பிடித்த துகளை ஓர்யன் குஸ்தாஃப்சன் குழு அளந்து 2009-இல் முடிவைச் சொன்னது: கரித்துகளில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், பயிர்க்கழிவு எரித்ததால் வந்தது. எனவே துகளில் ஏழை அடுப்பின் பங்கு பெரிது. ஆனால் துகள் ஓரிரு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும். கரியமில வாயுவில் புகைபோக்கிகளின் பங்கு பெரிது. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்கு இறங்காது. இரண்டையும் ஒரே ‘மாசு’ என்ற சாக்கில் கட்டியதால்தான் பாதி விவாதம் குழம்பியது என்பது என் எண்ணம்.

செம்பூரில் என்ன நடந்தது? மக்கள் சும்மா இருக்கவில்லை. மனுக்கள், ஊர்வலங்கள், வழக்குகள். 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1984-இல் டாட்டா தன் 500 மெகாவாட் யூனிட்டை டிராம்பேயில் தொடங்கியது. நாட்டில் அந்த அளவில் அதுவே முதல். கந்தகத்தைக் கட்டுப்படுத்தாமல் இனி முடியாது என்ற நிலை. 1988-இல் புகையைக் கடல்நீரால் கழுவும் கருவி பொருத்தப்பட்டது. இந்தியாவில் அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை. கோபுரத்தின் கீழிருந்து புகை ஏறும், மேலிருந்து கடல்நீர் பொழியும். கந்தக டை ஆக்ஸைடு நீரில் கரைந்து அமிலமாகும். கடல்நீரில் இயல்பாகவே இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை முறிக்கும். கடைசியில் கடலில் எப்போதும் இருக்கிற சல்ஃபேட்டாகப் போய்ச் சேரும். செம்பூரின் நெஞ்செரிச்சலுக்கு இது உண்மையான மருந்து. ஆனால் பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும்போது விடுவது என்ன? கரியமில வாயு. கந்தக டை ஆக்ஸைடின் ஒரு மூலக்கூறைப் பிடிக்க இரண்டு மூலக்கூறு வரை வெளியேறும். உலை விடும் மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது அற்பம்தான், யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. அன்றைக்கு யாருடைய ஜன்னலிலும் அது நுழையவில்லை. மாஹுலில் கிளம்பியது சில வாரங்களில் வட அரைக்கோளம் முழுக்கப் பரவி, ஓராண்டு போல ஆனதும் தெற்கையும் எட்டிவிடும். அதன் மேல் எந்த வட்டார அலுவலகத்துக்கும் அதிகார எல்லை இல்லை.

லால் 1972-இல் ஆமதாபாதின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு இயக்குநராகப் போனார். கார்பன்-14 வேலையும் அங்கே இடம் மாறியது. அதே ஆமதாபாத் கூடம் 1993-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வோடு சேர்ந்து கோவாவின் கேப் ராமாவில் காற்றைக் குப்பியில் பிடித்து அனுப்ப ஆரம்பித்தது. இந்தியக் கரையில் கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த முதல் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் அங்கே வருவது அரபிக்கடல் தாண்டி தென் அரைக்கோளத்திலிருந்து வரும் காற்று, அளவு இறங்கும். பனிக்காலத்தில் காற்று திரும்பி நாட்டுக்குள்ளிருந்து வீசும், அளவு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அடியில், ஆண்டுக்கு ஆண்டு தரைமட்டமே உயர்ந்துகொண்டிருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் 280, கீலிங் தொடங்கியபோது 313, கேப் ராமா தொடங்கிய ஆண்டில் உலகச் சராசரி 357. மௌனா லோவாவில் 2024-இன் சராசரி சுமார் 425. எரித்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வானத்தில் தங்கியதற்கே இந்த ஏற்றம். மிச்சத்தைக் கடலும் காடும் வாங்கிக்கொண்டன. பெரியவர்கள் நம்பியதுபோல் கடல் குடிக்கத்தான் செய்கிறது, நாம் ஊற்றும் வேகத்துக்கு அல்ல.

கேப் ராமாவில் முதல் குப்பி நிரம்புவதற்கு முன்பே டிராம்பேயின் உலைகளுக்குள் வேறொரு எரிபொருள் வந்துவிட்டிருந்தது. 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் கலம் பம்பாய்க்கு மேற்கே அரபிக்கடலில் எண்ணெயைத் தொட்டது. எண்ணெயோடு எரிவாயுவும் வந்தது. அதே வெப்பத்துக்கு நிலக்கரி விடும் கரியமில வாயுவில் பத்துக்கு ஆறு பங்கே விடுவது. அதைக் கரைக்குக் கொண்டுவரக் குழாய் போடும்வரை கடல் நடுவில் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை அடுத்த இதழில்.